இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு

ஹெலன் ஆன்ட்டி இறந்துபோன செய்தி எனக்குக் கார் ஸ்பீக்கர் வழியாக வந்தது. திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு என் மகள் தாராவைக் கூட்டிக்கொண்டு டாலஸ் பக்கத்தில் காப்பெலில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். தாராவுக்கு ஏழு வயது. பின்சீட்டில் உட்கார்ந்து ஆப்பிள் துண்டுகளைத் தின்றுகொண்டிருந்தாள். தோழி கவிதாவிடமிருந்து போன். வழக்கம்போல் ஸ்டியரிங்கில் இருந்த பட்டனை அழுத்தினேன்.

"சுபா, கேள்விப்பட்டியாடி? நம்ம ஹெலன் ஆன்ட்டி..." அதற்குமேல் பேச முடியாமல் கவிதா ஓவென்று அழுதாள்.

பட்டென்று ஸ்பீக்கரை அணைத்தேன். அவள் சொல்லாததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"வாட் ஹேப்பன்ட் டு ஹெலன் ஆன்ட்டி?" பின்னாலிருந்து கேள்வி வந்தது.

"ஒண்ணுமில்லடா கண்ணு. சிக்னல் போயிடுச்சு."

"ஷி வாஸ் க்ரையிங்."

கண்ணாடியில் பார்த்தேன். தாரா ஆப்பிள் டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு என் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு வரும்வரை வேறெதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததுதான் என்னைக் கிடுகிடுக்க வைத்தது. என் மகள் பேச்சை நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை மாதக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அந்த மௌனத்திலிருந்து அவளை வெளியே கொண்டுவந்தவர்தான் இப்போது போய்விட்டார். இதை அவளிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது, சொன்னால் வாய் மறுபடி மூடிக்கொள்ளுமா? கராஜுக்குள் காரை நிறுத்திவிட்டு இறங்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஹெலன் ஆன்ட்டியை இந்தப் பக்கத்துத் தமிழர்களில் தெரியாதவர்கள் குறைவு. உங்களில் சிலருக்கு அவர் சர்ச் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்கும் பாளையங்கோட்டைக்காரர். கிறிஸ்துமஸுக்கு மதவேறுபாடு இல்லாமல் வீடுவீடாகக் கேக் கொண்டுவந்து கொடுப்பவர். எங்களைப் போன்ற மற்றவர்களுக்கு அவரை வேறு வகையில் தெரியும், ஆனால் வெளியே சொல்லிக்கொள்ள மாட்டோம். ஒரு பல் டாக்டருக்கும் வரிக்கணக்கு ஆபீசுக்கும் நடுவில் இருந்த அவருடைய ஒற்றை அறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனவர்கள் நாங்கள். பார்க்கிங்கில் ஒருவரையொருவர் பார்த்துவிட்டால் "க்ளீனிங் அப்பாயின்ட்மென்ட்" என்று கன்னத்தைத் தடவிக் காட்டுவோம். அந்தப் பல் டாக்டருக்கு அத்தனை தமிழ் நோயாளிகள் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. என் பிள்ளை அவரிடம், பொம்மைகளோடு விளையாடவிட்டே மனக்காயத்தை ஆற்றும் விளையாட்டுச் சிகிச்சைக்குப் போனாள் என்று இன்று வெளிப்படையாக எழுதுகிறேன். இதைப் படிக்கும் பல் நோயாளிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நாங்கள் அங்கே போக நேர்ந்த கதையைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

என் கணவர் முரளிக்கு ஒரே தம்பி, கண்ணன். வேலை விஷயமாக டாலஸ் வந்தவன், வேறு வீடு பார்க்காமல் எங்களோடேயே தங்கினான். தாராவுக்குச் சித்தப்பா என்றால் உயிர். பிறகு விசா ஸ்டாம்பிங்குக்காக இந்தியா போனான். சூட்கேசை மூடும்போது தாரா அதன்மேல் ஏறி உட்கார்ந்து உதவி செய்தாள். "வந்துருவேன்டா செல்லம்" என்றான். நாமக்கல் பக்கம் பைக்கில் போனவனை லாரி அடித்துவிட்டது.

முரளி அன்றைக்கே கிளம்பினான். என் விசா முடிந்திருந்தது. போனால் திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொள்வோம் என்று நானும் தாராவும் இங்கேயே இருந்துவிட்டோம். நாமக்கல்லிலிருந்து போன் செய்தவர்கள், இங்கே ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது ஒன்றுதான்: "குழந்தைகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க. சின்னது, பயந்துடும்." சரிதானே என்று எனக்கும் பட்டது. "சித்தப்பா ஊர்ல இருக்கார்டா" என்று சொல்லிவிட்டோம். நம்மவர்கள் வீட்டில் நாய்க்குட்டி செத்தால்கூட இதைத்தானே சொல்வோம்?

மாமனார் ஏற்கெனவே இல்லை. தம்பிக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் அண்ணன்தான். முரளி மொட்டையடித்து, மீசையும் எடுத்துவிட்டு, கன்னம் ஒட்டிப்போய்த் திரும்பி வந்தான். விமான நிலையத்தில் "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடிய தாரா பாதியில் நின்றாள். எந்த முடியைப் பிடித்துக்கொண்டு தோளில் சவாரி செய்வாளோ அந்த முடி இல்லை. முகமும் வேறு முகமாக இருந்தது. முரளி சிரிக்க முயன்றான். "அப்பா ஹேர்கட் பண்ணிட்டேன்டா." குழந்தை பின்னோக்கியே நடந்து வந்து என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அன்றோடு அவள் பேச்சு நின்றுபோனது.

அப்போது அவளுக்கு நாலு வயது. முதலில் கோபம் என்று நினைத்தோம். அப்புறம் அடம் என்றோம். பிறகுதான் பயம் வந்தது. ஹாலில் கிடந்த முரளியின் சூட்கேசைச் சுற்றி, சுவரைத் தடவிக்கொண்டே விலகி நடப்பாள். முரளி குளித்துவிட்டு வந்தால் முதலில் அவன் தலையைப் பார்ப்பாள். ப்ரீஸ்கூல் டீச்சர் "இங்கேயும் பேசுவதில்லை" என்றார். காது டெஸ்ட் சரியாக இருந்தது. பாட்லக் விருந்துகளில் ஆளுக்கொரு நோயைக் கொண்டுவந்து என் தட்டில் வைத்தார்கள். "ஸ்பீச் டிலேவா? ஆட்டிசம் டெஸ்ட் பண்ணிட்டீங்களா? டிவி ரொம்பப் பாக்குறாளோ?" கம்ப்யூட்டர் புரோகிராம்களில் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். என் பிள்ளைக்குள் என்ன உடைந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பாத்ரூமுக்குள் போனால் கதவில் காதை வைத்து ஒரு முனகலாவது கேட்கிறதா என்று நிற்பேன்.

கவிதாதான் முகவரி கொடுத்தாள். அவளும் பல் நோயாளிதான்.

ஹெலன் ஆன்ட்டி முதல் நாளே என்னை "நீ" என்றுதான் கூப்பிட்டார். பருத்திப் புடவை, காலில் ரன்னிங் ஷூ, நரைத்த முடியில் பென்சில் செருகியிருந்தது. அறையில் பொம்மை வீடு, மணல் தொட்டி, கைப்பாவைகள், டாக்டர் பெட்டி, மரச் சொப்பு, மூலையில் ஒரு சின்ன நீலச் சூட்கேஸ். தாராவின் உயரத்துக்குக் குனிந்து, "இது விளையாடுற ரூம். இங்க நீ பேசலாம், பேசாமலும் இருக்கலாம். எதை எடுக்கணும்னு நீதான் சொல்லுவ" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை.

என்னைத் தனியே உட்கார வைத்துப் பேசியபோது நான் என் லேப்டாப்பைத் திறந்தேன். எத்தனை செஷன், எந்த வாரம் எந்த ஸ்கில், ப்ரோக்ரஸ் ரிப்போர்ட் எப்போது வரும் என்று வரிசையாகக் கேட்டேன். வீட்டில் என்ன பிராக்டீஸ் செய்யவேண்டும் என்றும் கேட்டேன். ஹெலன் ஆன்ட்டி கையை நீட்டி லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

"ஏம்மா, இது குமான் கணக்கு கிளாஸ் இல்ல. நீ வீட்டுல அதுகூட விளையாடும்போது என்ன பண்ணுவ?"

"கலர் சொல்லித் தருவேன் ஆன்ட்டி. கவுண்டிங். பொம்மைய வச்சே 'இது என்ன அனிமல், என்ன சாப்பிடும்'னு கேப்பேன்."

"அப்போ அது விளையாட்டா, இன்டர்வியூவா?"

எனக்குச் சுருக்கென்றது. காசு கொடுத்துத் திட்டு வாங்க வந்தேனா என்று காரில் முரளியிடம் பொரிந்து தள்ளினேன். இருந்தாலும் அடுத்த வாரம் போனேன். பயம் ரோஷத்தைவிடப் பெரியது.

அந்த அறைக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி இருக்கும். அதன் வழியாகப் பார்க்கக்கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார். நான் பார்த்தேன். என்னால் பார்க்காமல் இருக்க முடியாது. ஒருநாள் அப்படி எட்டிப் பார்த்தபோது தாரா மீசை வரைந்த ஒரு ஆண் பொம்மையை நீலச் சூட்கேசுக்குள் வைத்து மூடினாள். மேலே ஏறி உட்கார்ந்தாள். பிறகு இறங்கித் திறந்தாள். பொம்மையை வெளியே எடுத்து, மழுங்கின கத்தரிக்கோலால் அதன் கம்பளி முடியை வெட்ட ஆரம்பித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கொத்துக்கொத்தாக. என் குழந்தையின் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் தரையில் சம்மணமிட்டிருந்த ஹெலன் ஆன்ட்டி தடுக்கவில்லை. "முடி எல்லாத்தையும் வெட்டுற. ஒண்ணுகூட விடல. உனக்கு ரொம்பக் கோவமா இருக்கு" என்று மட்டும் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். "ஆன்ட்டி, கத்தரிக்கோல்! தாரா, என்ன பண்ற நீ?"

தாரா கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு உறைந்து நின்றாள். பொம்மையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"சுபா, நீ வெளிய இரும்மா," என்றார் ஹெலன் ஆன்ட்டி. குரலை உயர்த்தவில்லை. ஆனால் நான் வெளியே போனேன்.

அன்று நேரம் முடிந்தபின் வரவேற்பறையில் அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். "என் பொண்ணுக்குள்ள என்னமோ இருக்கு ஆன்ட்டி. நாளைக்கு நெஜமா யாரையாவது குத்திட்டா?" என்று கேட்டேன். வாரம் தவறாமல் இதே பெட்டி, இதே முடி, இதே ஆட்டத்தைத்தான் ஆடுகிறாள் என்று அவர் சொன்னதும் என் பயம் இன்னும் கூடியது.

"நீ ஒரு கவலைய வச்சுக்கிட்டு அதையே திருப்பித் திருப்பி நினைக்கிறேல்ல? எத்தனை தடவை நினைப்ப? அந்தப் பிள்ளைக்கு அப்படி மண்டைக்குள்ளயே உருட்டத் தெரியாது. கையால உருட்டுது. பொம்மைய விட்டா அதுக்கு வேற வார்த்தை இல்ல."

"எனக்குப் பயமா இருக்கே."

"இருக்கும். பயமா இருந்தா பயத்தோடயே உக்காரு. எந்திரிச்சு ஓடாத, உள்ள பாயாத. அம்மா பயந்தாலும் எந்திரிக்கலன்னா அந்தப் பிள்ளைக்கு அது போதும்."

அந்த வாரத்திலிருந்து அவர் எனக்கும் பாடம் எடுத்தார். வீட்டுக்கென்று ஒரு பிளாஸ்டிக் பெட்டி தயார் செய்யச் சொன்னார். அதில் மீசை வரைந்த ஒரு ஆண் பொம்மையோடு சில பொம்மைகள், டாக்டர் செட், களிமண், மழுங்கின கத்தரிக்கோல், ஒரு சின்னப் போர்வை. வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம், போனை வேறு அறையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார வேண்டும். கேள்வி கேட்கக்கூடாது, சொல்லித்தரக்கூடாது, "குட் ஜாப்" கூடாது. அவள் செய்வதைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தால் போதும். கேட்க எளிது, செய்து பாருங்கள்! "இது என்ன கலர்" என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்து நிற்கும். எலுமிச்சைப் பழத்தை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தமாதிரி இருப்பேன். ஒரு விதி மட்டும் கட்டாயம். முடிகிற நேரத்தில் சட்டென்று எழுந்து போகக்கூடாது. முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஹெலன் ஆன்ட்டி அதைப் பாளையங்கோட்டை இழுவையோடு ஒரு மாதிரி சொல்வார்: "இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு." எந்தக் குழந்தையிடமும் அதைச் சொல்லாமல் அவர் ஒரு நாளும் முடித்ததில்லை.

"சொல்லாம முடிச்சா பறிச்ச மாதிரி. சொல்லிட்டு முடிச்சா அது முடிவு. அந்தப் பிள்ளைட்டருந்து ஏற்கெனவே நெறையப் பறிச்சாச்சு" என்றார் என்னிடம்.

ஒருநாள் அவர் அறையில் ஆட்டம் மாறியது. அன்று தாரா நீலச் சூட்கேசைத் திறந்தாள், உள்ளே பார்த்தாள், ஆனால் பொம்மையை வெளியே எடுக்கவில்லை. மூடிவிட்டு ஹெலன் ஆன்ட்டியின் மடியருகே வந்து நின்று, மாதக்கணக்கில் பேசாத அந்த வாயால், "டிட் சித்தப்பா டை?" என்று கேட்டாளாம். ஹெலன் ஆன்ட்டி பதில் சொல்லவில்லை. "சித்தப்பா செத்துட்டாரான்னு உனக்குத் தெரியணும். அது தெரிஞ்சவங்க அம்மாவும் அப்பாவும். அவங்ககிட்ட சேந்து கேப்போமா?" என்று கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார்.

அன்று முரளியும் வந்து என்னோடு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தான். கதவு திறந்தது. என் மகளின் குரலை நான் கேட்டேன். சந்தோஷப்படக்கூட நேரமில்லை. அதே கேள்வி எங்கள் முன்னால் வந்து நின்றது. முரளி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். ஹெலன் ஆன்ட்டி எங்களைப் பார்க்கவே இல்லை, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். முரளிதான் மண்டியிட்டு உட்கார்ந்தான். "ஆமாடா. சித்தப்பா செத்துட்டார். அப்பாவுக்கு ரொம்ப அழுகை வந்துச்சு. நம்ம வீட்ல யாராவது செத்தா அப்பா முடி எடுக்கணும். அதான் எடுத்தேன். பாரு, திரும்ப வளந்துடுச்சு." தாரா அவன் தலையைத் தடவிப் பார்த்தாள். இரண்டு கையாலும் முடியைக் கொத்தாகப் பிடித்தாள். வலித்திருக்கும். அவன் அசையவில்லை.

"நீங்க மறைச்சுட்டோம்னுதான் நெனச்சீங்க. அது எல்லாத்தையும் பாத்துட்டுதான் இருந்துச்சு," என்று அன்று வாசலில் சொன்னார் ஹெலன் ஆன்ட்டி. திட்டவில்லை.

பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. அப்புறம் வாயை மூடச் சொல்லிக் கெஞ்சுகிற அளவுக்கு வளர்ந்தது. சிகிச்சை முடிந்த பிறகும் எப்போதாவது ஹெலன் ஆன்ட்டியைப் பார்க்கப் போவோம். அடுத்த வாரம்கூடப் போவதாக இருந்தது.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். ஞாயிறு சர்ச்சில் பாடிவிட்டு வந்து படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. ஹூஸ்டனிலிருந்து அவர் மகன் வந்துவிட்டார் என்றாள் கவிதா. எல்லாக் குழந்தைகளுக்கும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு முடிக்கிற மனுஷி, எங்களுக்குச் சொல்லவே இல்லை. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. துணி மடிக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, டவலை வாயில் வைத்து அழுதேன்.

மாலை முரளி வந்ததும் தாரா காதில் விழாதபடி தோட்டத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவன் வேலியைப் பிடித்துக்கொண்டான்.

"இப்ப சொல்ல வேணாம் சுபா. ஸ்கூல் ஸ்டார்ட் ஆகி இப்பதான் செட்டில் ஆயிருக்கா. ரிட்டயர் ஆயி இந்தியா போயிட்டாங்கன்னு சொல்லிடலாம்."

"முரளி!"

"தெரியும்டி. எனக்கும் தெரியும். ஆனா மறுபடி அப்படி ஆயிட்டா? இப்ப கூட்டிட்டுப் போறதுக்கு அவங்களும் இல்லயே."

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அதே வாக்கியத்தை நானும் கராஜில் உட்கார்ந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். எவ்வளவு லேசாக வருகிறது தெரியுமா அந்தப் பொய்! ஆனால் தாரா ஏற்கெனவே ஒரு அழுகைச் சத்தத்தைக் கேட்டுவிட்டாள்.

ஹாலில் தரையில் உட்கார்ந்து சொன்னோம். தூக்கத்தில் இறந்தார் என்று சொன்னால் இவள் இனி தூங்குவாளா என்று எனக்குள் ஒரு கிலி. ஒவ்வொரு வார்த்தையாகத் தேர்ந்தெடுத்தேன். "ஹெலன் ஆன்ட்டி செத்துட்டாங்கடா. அவங்க ஹார்ட் ரொம்ப வீக் ஆயி நின்னுடுச்சு. இனிமே நாம அவங்கள அந்த ரூம்ல பாக்க முடியாது."

தாரா முரளியின் தலையைப் பார்த்தாள்.

"இஸ் அப்பா கோயிங் டு கட் ஹிஸ் ஹேர்?"

"இல்லடா," என்றான் முரளி. "இந்தத் தடவை இல்ல."

"ஆர் யூ கோயிங் டு இண்டியா?"

"இல்ல. யாரும் எங்கயும் போகல."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. தட்டில் வைத்த தோசையைக் கிள்ளினாள். பல் தேய்த்தாள். கதை வேண்டுமா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டினாள். மறுநாள் பள்ளிக்கூட வாசலில் எப்போதும் சொல்லும் "பை அம்மா" வரவில்லை. முதுகுப் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். நான் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. அதே மௌனம்தானே இது? அதே வாசலுக்குத்தானே திரும்பி வந்திருக்கிறோம்? முந்தின தடவை கதவைத் தட்ட ஓர் இடம் இருந்தது. இப்போது எங்கே போவேன்? சொல்லாமலே இருந்திருக்கலாமோ? தெரிந்த கடவுள்களையெல்லாம் கும்பிட்டேன். ஹெலன் ஆன்ட்டியின் கடவுளையும் சேர்த்துத்தான்.

மாலை வீட்டுக்கு வந்ததும் தாரா ஷூவைக் கழற்றினாள். சோபாவுக்கு அடியில் குனிந்து பிளாஸ்டிக் பெட்டியை இழுத்தாள். அதை நாங்கள் எடுத்து ரொம்ப நாளாகியிருந்தது. நான் போனைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தேன்.

"யூ ஆர் ஹெலன் ஆன்ட்டி," என்றாள். ஒரு நாளுக்குப் பிறகு வந்த முதல் வார்த்தைகள்.

எனக்கு உயிர் வந்தது. அவர் செய்வதைப் போலவே ஆரம்பித்தேன். "இப்ப நீ போர்வைய விரிக்கிற..."

"நோ. யூ ஆர் டெட். டெட் பீப்பிள் டோன்ட் டாக். லை டவுன்."

படுத்தேன். கண்ணை மூடச் சொன்னாள், மூடினேன். நெஞ்சில் பிளாஸ்டிக் ஸ்டெதஸ்கோப் வந்து உட்கார்ந்தது. "இட் ஸ்டாப்ட்," என்றாள் யாரிடமோ. என் இதயம் அப்போது அடித்த அடி அவள் காதில் விழாமல் இருந்திருக்காது. பெட்டிக்குள் எதையோ துழாவும் சத்தம். பிறகு என் காதுக்குப் பக்கத்தில், முடிக்கு மேலே, கத்தரிக்கோல் திறந்து மூடியது.

க்ளிக். க்ளிக்.

எழுந்துவிட வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கொத்துக்கொத்தாக வெட்டிய அந்த நாலு வயது முகம் இமைக்குள் வந்தது. பயத்தோடயே உக்காரு. எந்திரிச்சு ஓடாத. நான் படுத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்கவில்லை. க்ளிக். பிறகு கத்தரிக்கோலைத் தரையில் வைக்கும் ஓசை.

"நோபடி இஸ் கட்டிங் ஹேர் திஸ் டைம்," என்றாள் தாரா.

போர்வையை என்மேல் கழுத்துவரை இழுத்துவிட்டாள். மீசைப் பொம்மையை என் பக்கத்தில் படுக்க வைத்தாள். அப்புறம் அவளும் என்னோடு ஒட்டிப் படுத்துக்கொண்டாள். அவள் அழுவது தெரிந்தது. சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. நான் செத்தவள், அணைக்கக்கூட முடியாது. என் கண்ணிலிருந்து வழிந்து காதுக்குள் இறங்கியதை அவள் பார்த்தாளா தெரியாது. எவ்வளவு நேரம் போனதோ! அவள் என் காதருகில் வந்தாள். எப்போதும் எனக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிற என் மகள், பாளையங்கோட்டை இழுவை துளியும் குறையாமல் தமிழில் சொன்னாள்:

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."

அந்த நேரம் முழுவதும் நாங்கள் இருவரும் அப்படியே படுத்திருந்தோம். பிறகு அவளே போர்வையை விலக்கினாள். "டைம் முடிஞ்சுது. யூ கேன் கெட் அப், அம்மா." நான் எழுந்தேன். பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கினோம். அவள் பசிக்கிறது என்றாள். தோசை வார்த்தேன். மூன்றாவது தோசைக்கு நடுவில், வகுப்பில் ஒரு பையன் மூக்கில் ரப்பரை விட்டுக்கொண்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். முரளி வந்தபிறகும் அது முடியவில்லை.

சனிக்கிழமை சர்ச்சில் எல்லோரும் கூடுவோம். தாராவும் வருகிறாள். ஆன்ட்டியைக் கடைசியாகப் பார்க்க வேண்டும் என்று அவளே கேட்டாள். உங்களிடமெல்லாம் ஏதாவது கேட்பாள், கேள்வி கேட்காமல் அவளால் இருக்க முடியாது. தயவுசெய்து "ஆன்ட்டி தூங்குறாங்க" என்றோ "ஊருக்குப் போயிட்டாங்க" என்றோ சொல்லிவிடாதீர்கள். அழுகை வந்தால் அவள் முன்னாலேயே அழுங்கள். உங்கள் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். பல் நோயாளிகள் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்துகொள்ளலாம்.

அந்த அறையை வேறு யாரோ எடுத்துக்கொள்வார்கள். நீலச் சூட்கேஸ் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் இருப்பது சோபாவுக்கு அடியில் ஒரு பெட்டியும், வாரத்தில் ஒரு அரை மணி நேரமும்தான். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தால் இன்றும் கதவில் காதை வைத்து நிற்கிறேன். ஆனால் பெட்டி திறந்திருக்கும்வரை நான் தரையில்தான் இருப்பேன். ஹெலன் ஆன்ட்டி, பயத்தோடயேதான் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து ஓடவில்லை.